சாவிக்கொத்தும் மூச்சுப் பயிற்சியும்

“உள்ள ஒரு சின்னப் பொண்ணு மூச்சு விடச் சொல்லிக் குடுக்குதாம். அதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?”

கதவுக்கு வெளியே யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சின்னப் பொண்ணு நான்தான். திருவண்ணாமலையில் ஒரு நரம்பியல் கிளினிக்கில் மனநல ஆலோசகர். வலிப்புக்கு மாத்திரை கொடுப்பது டாக்டர்; ‘எப்போ வந்துடுமோ’ என்ற பயத்தைக் குறைப்பது நான். ஊசி, மாத்திரை எதுவுமில்லாமல் பேச்சை மட்டும் நம்பிப் பிழைப்பவரா நீங்கள்? அப்படியானால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நோட்டு

செல்விக்கு இருபத்து மூன்று வயது, ஊர் கீழ்பென்னாத்தூர். இரண்டு வருடம் முன்பு பஸ்ஸில் வலிப்பு வந்து விழுந்தவள், அதன் பிறகு தனியாக பஸ் ஏறவே இல்லை. கூடவே அம்மா வருவார், வலிப்பு வந்தால் கையில் திணிக்க ஓர் இரும்புச் சாவியோடு. தூக்கம், பயம், கவலை எல்லாவற்றையும் எழுதச் சொல்லி நோட்டு கொடுத்தேன். மூன்று வாரமும் ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டுமே எழுதியிருந்தாள்.

நான்காவது வாரம், டோக்கன் கொடுக்கும் மல்லிகா அக்கா அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தார். “மேடம்கிட்டயும் சொல்லு.” பஸ்ஸில் விழுந்து கிடந்தபோது யாரோ போனில் படம் எடுத்தார்களாம். பயம் வலிப்பைப் பற்றியது இல்லை, அந்தப் போனைப் பற்றியது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க எழுதிக்கினே கேட்டீங்க மேடம். அக்கா பூ கட்டிக்கினே கேட்டாங்க.”

எட்டு லிங்கம்

மூன்று எண்ணி மூச்சை இழுக்க வேண்டும், ஐந்து எண்ணி விட வேண்டும். நான் சொல்லிக் கொடுத்தால் செல்விக்கு எண்ணிக்கை தப்பும், பதற்றம் ஜாஸ்தியாகும். ஒருநாள் வெளியே பெஞ்சில் கண்ணை மூடி அழகாகச் செய்துகொண்டிருந்தாள். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களில் இந்திரன், அக்னி, எமன் மூன்றுக்கும் இழு, மீதி ஐந்துக்கும் விடு என்று அக்கா சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் முதுகலை படித்த எனக்கு இது தோன்றவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

“நீங்க சொன்னதுதாம்மா. நான் பேரை மட்டும்தான் மாத்தினேன்” என்றார் அக்கா.

சாவி

பஸ் பயிற்சி தொடங்கினோம். முதலில் ஸ்டாப்பில் நின்றாள். பிறகு என்னோடு பக்கத்திலிருக்கும் வேங்கிக்கால் வரை போனாள். அடுத்து ஊரிலிருந்து தனியாக வர வேண்டும். டாக்டரும் சம்மதித்துவிட்டார். “முடியாது மேடம்” என்று அழுதுவிட்டு வெளியே போனாள்.

அப்போது ஹாலில் ஒரு பெரியவருக்கு வலிப்பு வந்துவிட்டது. “சாவி! சாவி குடுங்க!” என்று கூச்சல். அக்கா இடுப்பிலிருந்த கொத்தை உருவினார். சாவியால் பயனில்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! என் குரல்தான் கதவைத் தாண்டாதே. செல்வி ஓடிப்போய் அக்காவின் கையைத் தள்ளினாள். “வேணாங்கா. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், மணி பாக்கணும். மேடம் சொல்லியிருக்காங்க.” நானும் அவளுமாகத் திருப்பிப் படுக்க வைத்தோம். ஒருத்தர் போனை எடுத்தார். அக்கா போட்ட அதட்டலில் அது பைக்குள் போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் அடங்கியது. கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்த பெரியவர் டீ கேட்டார்.

வலிப்பை வெளியிலிருந்து செல்வி பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அவ்ளோதானா மேடம்?”

மறுவாரம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கிய செல்வி, அம்மா கையில் திணித்தனுப்பிய இரும்புச் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, வந்த கதையைச் சொல்ல மல்லிகா அக்காவிடம் ஓடினாள்.