ஒழுகும் வண்டியில் ஏறும் ஆயில்

சோஃபியா டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பத்து மூன்றாம் வயதில். ஆசைப்பட்டு அல்ல. அந்த வருடம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த கணவர் கிளெமென்ட்டுக்குப் பக்கவாதம் வந்து, வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பேச்சு பிழைத்தது. வலது கையும் பிழைத்தது. இடது கால்தான், கூப்பிட்டால் வராத பிள்ளை மாதிரி, அவர் நடக்கும்போதெல்லாம் பின்தங்கியே வந்தது.

வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோவின் படி அவருக்கு உயரம். ஒரு காலை வைத்து மற்றொன்றைத் தூக்குவதற்குள் டிரைவர் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பான். போனில் கூப்பிட்டால் வருகிற டாக்ஸி, லிங்கராஜபுரத்துச் சந்துக்குள் நுழைய மாட்டேன் என்று தெருமுனையிலேயே நின்றுகொள்ளும். வீட்டு போர்ட்டிகோவில் சும்மா நின்றது தொண்ணூற்றொன்பதில் வாங்கிய கார். சீட் தாழ்வு, அவர் உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். சோஃபியா இருபத்தோரு நாள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். முதல் மாதம் பக்கத்து வீட்டு காம்பவுண்டில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. இரண்டாவது மாதத்திலிருந்து ஓட்டினாள்.

கிளெமென்ட் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்தவர். அவர் அளந்து சரி என்று சொல்லாமல் ஒரு உருப்படியும் அங்கிருந்து வெளியே போனதில்லை. ஸ்டீயரிங் மனைவி கைக்குப் போனபின், பானெட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புமுன், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது, கம்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு, எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். குறைந்திருந்தால் ஒரு டம்ளர் ஆயில் ஊற்றுவார். வீட்டில் அவரை நம்பி விடப்பட்டிருந்த ஒரே வேலை அது. அதில் யாரும் குறுக்கே போவதில்லை.

ஒழுகல் ஆரம்பித்தது போன வருடம். முதலில் தரையில் ஒரு ரூபாய் அளவு கறை. பிறகு தோசை அளவு. சோஃபியா அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் போட்டாள். ஒரு மெக்கானிக் ஆயில் சேம்பரின் பேக்கிங்கை மாற்றினான். ஆறு வாரம் காய்ந்திருந்தது, மறுபடி கறை. இன்னொருவன் எஞ்சினையே இறக்கி கிராங்க் ஆயில் சீலை மாற்றினான். அதுவும் ஆறு வாரம்.

பிறகு ஒரு நாள், லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் நடுவில், பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தது. சூடான புகைக்குழாய் மேல் ஆயில் சொட்டியிருந்தது. சோஃபியா வண்டியை ஓரங்கட்டி, சுற்றி வந்து, கணவரை வெளியே எடுக்க நாலு நிமிடம் ஆயிற்று. நெருப்புப் பிடிக்கவில்லை. ஆனால் நாலு நிமிடம் என்ற கணக்கை அவள் வாய் தவறி மகளிடம் சொல்லிவிட்டாள்.

மகள் பெர்னதெத் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அங்கேயே பதினோராம் மாடியில் வீடு. அன்று ராத்திரியே போன் வந்தது.

"மம்மி, போதும். வர்ற வியாழக்கிழமை எஃப்சிக்குக் காட்டணும் இல்ல? ஆயில் சொட்டுற வண்டிய அவங்க பாஸ் பண்ண மாட்டாங்க. பாஸ் ஆகலன்னா குஜரில எடைக்குப் போட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. இங்க லிஃப்ட் இருக்கு, கீழயே பிசியோ இருக்கு."

"எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்குடி."

"சர்வீஸ் பண்ணது போதும். டாடி கால வெச்சுக்கிட்டு, கார் இல்லாம அந்தச் சந்துல எப்படி இருப்பீங்க? சொல்லு."

மகள் சொன்னதில் தப்பு இல்லை. சரி, ஓடத் தகுதியான வண்டி என்று எஃப்சி கிடைக்காவிட்டால் வருகிறோம் என்று சோஃபியா ஒப்புக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம், ஒரு தெரு தள்ளிக் கோயில், முப்பது வருடமாகப் பால் போடுகிறவன், மூன்றாம் வகுப்பு பி செக்‌ஷன் எல்லாம் இப்போது ஒரு எஞ்சின் காய்ந்திருப்பதில் வந்து நின்றன.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். மத்தியானம் வண்டியை மெக்கானிக் அர்ஜுனனின் ஷெட்டுக்கு ஓட்டிப் போனாள். அர்ஜுனன் பெண்ணுக்கு அவள் மூன்றாம் வகுப்பு எடுத்திருக்கிறாள். அந்த உரிமையில் அவன் எப்போதும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவான்.

"வாங்க மிஸ். இன்னாத்துக்கு இந்தப் பெரியவர இன்னும் இழுத்துக்கிட்டுத் திரியறீங்க?"

"யார, வண்டியையா, அவரையா?"

"ஐயோ, வண்டிய சொன்னேன் மிஸ்! நீங்க வேற, போட்டுக் குடுத்துடாதீங்க."

அவன் அடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து வந்து, "இத்த இப்படியே பார்த்தா ஒண்ணும் புரியாது மிஸ். எல்லா எடத்துலயும் மொழுகிக் கெடக்குது" என்றான். டீசலும் பிரஷுமாக எஞ்சினை அலசித் துடைத்தான். பிறகு, ஷெட்டுச் சுவரில் தொங்கிய கண்ணாடிக்குக் கீழிருந்து முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்து வந்து, எஞ்சின் முழுக்கத் தூவினான்.

"கல்யாணத்துக்கா கூட்டிட்டுப் போற?"

"பாருங்க பாருங்க. பவுடர் போட்டாத்தான் வேர்க்குறது தெரியும்."

கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டான். வெள்ளையில் முதல் ஈரக்கோடு மேலேயிருந்து இறங்கியது. டாப்பெட் கவர், அதாவது எஞ்சினின் தலைமேல் இருக்கிற மூடி, அதன் விளிம்பிலிருந்து. கோடு எஞ்சினின் முதுகு வழியாக ஓடி அடியில் போய்ச் சொட்டியது. இரண்டு மெக்கானிக்குகளும் சொட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே கழற்றியிருக்கிறார்கள்.

"அப்ப அந்த மூடிக்குப் பேக்கிங் மாத்தினா சரியாயிடுமா?"

அர்ஜுனன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனவன், பாதியில் திரும்பி வந்து டிப்ஸ்டிக்கை உருவினான். துடைத்து, மறுபடி விட்டு, எடுத்துப் பார்த்தான். இன்னொரு தடவை துடைத்தான்.

"மிஸ், ஒழுகுற வண்டில ஆயில் குறையணுமா, ஏறணுமா?"

"குறையணும்."

"இத பாருங்க. இது ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கணும். மேல் கோட்டையும் தாண்டி எங்கயோ போய் நிக்குது. உள்ள கிராங்க் சுத்துறப்ப இந்த ஆயில அடிச்சு நுரையாக்குது, ப்ரெஷர் ஏறுது, எங்க வீக்கா இருக்குதோ அங்க பிச்சுக்கிட்டு வெளிய வருது. நீங்க ஆயிரம் பேக்கிங் மாத்துங்க, திரும்பி வரும். யார் ஊத்தறது?"

சோஃபியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு ரிப்பேரின்போதும் பழைய ஆயிலை வடித்துப் புதிதாக அளந்து ஊற்றியிருப்பார்கள். ஆறு வாரம் என்பது ஆறு ஞாயிற்றுக்கிழமை.

"வீட்டுக்காரர்" என்றாள்.

"சாரா? அவரு இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவராச்சே!" அர்ஜுனன் பீடியைக் காதில் செருகிக்கொண்டான். "விடுங்க மிஸ். ஆயில் டப்பாவ எங்கயாவது ஒளிச்சு வெச்சிடுங்க. மேட்டர் முடிஞ்சுது."

அவன் பேக்கிங்கை மாற்றி, அதிகமிருந்த ஆயிலை வடித்தான். ஒண்ணேகால் லிட்டர் வந்தது. மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே ஆயில் நின்றதை அவளையே பார்க்கச் சொல்லிக் காட்டினான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் யோசித்தது ஆயிலைப் பற்றி இல்லை. அவருக்குக் கணக்குத் தப்ப ஆரம்பித்துவிட்டதா, பக்கவாதத்தில் போனது கால் மட்டும் இல்லையா என்பதைப் பற்றி. அப்படி இருந்தால் எஃப்சி பாஸ் ஆனாலும் பிரயோஜனமில்லை. காரை அலசிவிடலாம், இதற்கு அர்ஜுனனிடம் மருந்து கிடையாது. பகல் முழுவதும் பள்ளியில் இருக்கிற மனுஷி, அவரை வீட்டில் தனியே விட முடியாது. பெர்னதெத் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆயில் டப்பாவை எடுத்துப் பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் வைத்தாள். பூசை முடிந்து வந்து நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். கிளெமென்ட் கம்பை ஹெட்லைட்டில் சாய்த்துவிட்டு, டிப்ஸ்டிக்கை வெளிச்சத்துக்குப் பிடித்திருந்தார். காலடியில் சீல் பிரிக்காத புது ஆயில் டப்பா. அவரிடம் இன்னொன்று இருந்திருக்கிறது.

"வா, வந்து பாரு உன் அர்ஜுனன் லட்சணத்த. நேத்து ரெடி பண்ணான்னியே? ஒரே ராத்திரில கீழ் கோட்டுக்கு வந்துடுச்சு."

"எங்க, காட்டுங்க."

பார்த்தாள். கீழ் கோடுதான். நேற்று மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். அட்டையில் ஒரு சொட்டுக் கூட இல்லை. அப்படியானால் இவர் தப்பாகப் பார்க்கவில்லை. இருப்பதைத்தான் பார்க்கிறார். ஆயிலும் எங்கேயும் போகவில்லை.

நிமிர்ந்தபோது, வண்டியின் பின் சக்கரத்தையும் தாண்டி, உயரத்தில் ரோடு அவள் கண்ணில் பட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் மாநகராட்சி பழைய தார் மேலேயே புதுத் தாரைக் கொட்டி ரோட்டை ஒரு முழம் உயர்த்தியது. வாசலில் எல்லோரும் சறுக்கு மாதிரி சிமென்ட் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய போர்ட்டிகோ சின்னது. வண்டியின் முன் பாதி உள்ளே, பின் பாதி சறுக்கின்மேல். மூக்கைக் கீழே குத்திக்கொண்டு மூன்று வருடமாக அது அப்படியேதான் நிற்கிறது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க."

"ஏன்? பூசைக்கு நேரமாகல?"

"நில்லுங்கன்றேன்ல."

அவள் சாவி எடுத்து வந்து, வண்டியைப் பின்னால் ஏற்றி, எதிர்வீட்டு முன்னாலிருந்த சமதளத்தில் நிறுத்தினாள். அணைத்தாள். எஞ்சின் அடங்கும்வரை இருவரும் தெருவில் நின்றார்கள். பூசைக்குப் போகிறவர்கள் கைகூப்பி "ஸ்தோத்திரம்" என்றார்கள், இவர்களும் கைகூப்பினார்கள். பத்து நிமிடம் கழித்து, "இப்ப பாருங்க" என்றாள்.

கிளெமென்ட் உருவினார், துடைத்தார், விட்டார், எடுத்தார். மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே.

மறுபடி துடைத்துப் பார்த்தார். அதேதான். சறுக்கைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செக்‌ஷனில் இருந்தபோது, கண்ணாடி மாதிரி மட்டமான கருங்கல் பலகை ஒன்றின் மேல் வைக்காமல் எதையும் அளக்கவிட்டதில்லை அவர். புதிதாக வருகிற அப்ரென்டிஸ் பையன்களிடம், மட்டம் பார்க்காமல் அளந்தவனுக்கு அன்று சம்பளம் கிடையாது என்று சொன்னதாகப் பெருமையாக வீட்டில் சொல்லியிருக்கிறார். சறுக்கில் நின்ற வண்டியில் ஆயில் மூக்குப் பக்கம் ஒதுங்கிவிட, டிப்ஸ்டிக் இறங்குகிற காய்ந்த பக்கத்தில் அளந்து அளந்து ஊற்றியிருக்கிறார்.

சோஃபியா காத்திருந்தாள். டப்பாவை ஒளித்துவைத்ததையும், அர்ஜுனன் சொன்னதையும் சொல்லிவிட்டாள். எவ்வளவு வடிந்தது என்பதையும் சொன்னாள்.

"ஒண்ணேகாலா?"

"ஒண்ணேகால்."

கிளெமென்ட்டின் முகம் சிவந்தது. "ரோட்டை ஏத்தினவன் எவன்? அவன மொதல்ல கேக்கணும். வீட்டுக்கு முன்னால மலையக் கட்டிட்டுப் போயிட்டான், முட்டாப்பய."

"அவன் ரோட்டத்தான் ஏத்தினான். ஆயில நீங்கதான் ஏத்தினீங்க."

"ஆமாடி, நான்தான் ஊத்தினேன். அதுக்கின்னா இப்ப, தெருவுல நிக்க வெச்சு இம்போசிஷன் குடுப்பியா? எழுதுறேன், நோட்டு கொண்டா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சு அதோடு சேர்ந்து போயிற்று. அவருக்குக் கணக்குத் தப்பவில்லை. தப்பு என்று தெரிந்ததும் இன்னொருத்தன் தலையில் போடுகிற புத்தியும் அப்படியே இருக்கிறது; கல்யாணமான நாளிலிருந்து இருப்பது.

பூசையின் முன் பாதியைத் தவறவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். எஃப்சி மைதானத்தில் வண்டிகள் நீளமாக நின்றன. இன்ஸ்பெக்டர் இளைஞர், கன்னடத்தில் ஹாரன் அடிக்கச் சொன்னார், பிரேக் விளக்கு போடச் சொன்னார், பானெட்டைத் திறக்கச் சொன்னார். கிளெமென்ட் சீட்டில் உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாக அவரை ஒரு சக ஊழியனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் குனிந்து அடியில் டார்ச் அடித்தார். கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஹளே காடி, ஆதரெ க்ளீன் ஆகி இட்டிதீரா" என்றார். பழைய வண்டி, ஆனால் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்.

"இவரே சர் நோட்கொள்ளோது" என்று சோஃபியா கணவரைக் காட்டினாள். இவர்தான் கவனித்துக்கொள்கிறார் என்றது முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. கிளெமென்ட் மறுக்கவில்லை. லேசாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

கையெழுத்தானதும் பெர்னதெத்துக்குப் போன் போட்டாள்.

"பாஸ். அஞ்சு வருஷத்துக்கு."

"மறுபடி ஒழுகாதுன்னு யார் கேரண்டி?"

"ஒழுகாது. காரணம் தெரிஞ்சு போச்சு."

"இன்னா காரணம்?"

ஜன்னலோரம் கிளெமென்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சோஃபியா போனை அவரிடம் நீட்டினாள்.

"உங்க டாடி சொல்லுவாரு. கேளு."

அவர் போனை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெர்னி, அந்த கார்ப்பரேஷன்காரன் இருக்கான் பாரு..." என்று ஆரம்பித்தார். சோஃபியா வண்டியை எடுத்தாள். பின்னால் ஒரு லாரி, பக்கத்தில் இரண்டு ஆட்டோ. கண்ணாடியைப் பார்த்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, மெதுவாக வெளியே கொண்டுவந்தாள். ஹெண்ணூர் சிக்னல் வரைக்கும் அவர் இன்னும் ரோட்டை ஏற்றினவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். தான் ஆயில் ஊற்றிய கதைக்கு அதற்கப்புறம்தான் வந்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, ஆனால் அளவைச் சரியாகச் சொன்னார்.