பிசிறடிக்கும் இடம்

லிஃப்ட்காரருக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. மாடி மாடியாக லிஃப்ட் பழுதுபார்த்தே காலம் தள்ளிய மனிதர். ஊரடங்கு போட்டு, போதாக்குறைக்குக் குளிரும் சேர்ந்து கதவைச் சாத்தியதும் தவித்துப்போனார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். சத்தமே போடாத கீலையும் விட்டுவைக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, "இதையாவது ஊதிக்கிட்டு ஒரு இடத்துல உட்காருங்க, புண்ணியமாப் போகும்" என்று பரணில் கிடந்த மவுத் ஆர்கனைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு ஒரு களை வந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆவி படிந்த ஜன்னலோரம் அவர் ஊதுவார். அவள் பழைய சட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துப் போர்வை தைப்பாள். நடுநடுவே சூடாக டீ.

எல்லாம் சாயங்காலத்துக்கான ஒத்திகைதான். அவருடைய அக்கா மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அம்மா போனபின் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். பார்க்க யாரையும் உள்ளே விடவில்லை. நர்ஸ் பாவம், தினமும் சாயங்காலம் போனை அக்காவின் காதோரம் பிடிப்பாள். சமைக்கும்போது அக்கா முணுமுணுக்கும் மெட்டை இவர் வாசிப்பார். மெட்டு மேலே ஏறும் இடத்தில் சொல்லிவைத்தாற்போல் பிசிறடிக்கும்.

முதல் நாளே அக்கா சிரித்துவிட்டாள். "ஏண்டா, ஊர் லிஃப்டையெல்லாம் மேல ஏத்துற, ஒரு மெட்டை ஏத்த முடியலையா?"

இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போகப்போக அக்காவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் அந்த இடம் வந்தால் மட்டும் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அது ஒன்றுதான் மிச்சம்.

"காலையில அட்சரம் பிசகாம வாசிச்சீங்களே, போன்ல மட்டும் எப்படிக் கோட்டை விடுறீங்க?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"வேணும்னுதான் விடுறேன். சரியா வாசிச்சா அக்கா எதுக்குச் சிரிப்பா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

அன்றைக்கும் அதே நேரத்துக்குத்தான் வாசித்தார். பிசிறடித்தார். காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, சின்னக் குழந்தைகூடக் கேலி செய்கிற மாதிரி வாசித்தார்.

"முடியலக்கா, பாரேன். ஏறவே மாட்டேங்குது. சிரியேன்க்கா."

"ஐயா..." நர்ஸின் குரல் உடைந்தது. "அவங்க மூச்சு நின்னுடுச்சுங்க."

"போனை எடுத்துடாதம்மா. காதுகிட்டயே வை."

அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு இதெதுவும் கேட்கவில்லை, மெட்டு மட்டும் கேட்டது. அந்த இடம் வந்தது. பிசிறே இல்லாமல் மேலே ஏறி, நிதானமாக இறங்கி, முழுசாக முடிந்தது. "ஐயோ!" என்று கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடிவந்தாள்.