மூங்கிலில் போட்ட சிவப்புத் துண்டு

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இன்றும் காலையில் படகுத்துறையில் நின்று எதிரே இருக்கும் தீவைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குத் தம்பானூர் பஸ்ஸில் ஏறுகிறேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்பதில்லை.

களியக்காவிளைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அக்கா, பத்தொன்பது வயதில் அத்தானைக் கைப்பிடித்து, நெய்யாறு கடலில் சேரும் இடத்திலுள்ள அந்தச் சின்னத் தீவுக்கு வந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பியான என்னையும் கூடவே கூட்டி வந்தார். பதினோரு வீடுகள், எங்கும் தென்னை, கிணற்றிலெல்லாம் உப்புத் தண்ணீர். குடிநீர் வள்ளத்தில் வர வேண்டும். ஆற்றின் வாயை மணல் அடைத்தால் தண்ணீர் முற்றத்துக்கு ஏறும். மணலை வெட்டிவிட்டால் இறங்கும். அத்தான் தென்னையிலிருந்து விழுந்து இறந்த பிறகும் அக்கா அங்கேயே இருந்து, கயிறு திரித்து, தானே துடுப்புப் போட்டு என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். இத்தனைக்கும் எனக்கு நீச்சல் வரவில்லை. அதைச் சொல்லி அக்கா கடைசிவரை கேலி செய்தார்.

கல்யாணமாகி நான் இக்கரைக்கு வந்தபின் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அக்கா தினமும் காலையில் வீட்டு மூங்கிலில் சிவப்புத் துண்டு, அவர் பேச்சில் துவர்த்து, போடுவார். துண்டு தெரிந்தால் சுகம், தெரியாவிட்டால் நான் போக வேண்டும். போன் இருந்தது, ஆனால் போனில் அக்கா எப்போதும் சுகம் என்றுதான் சொல்வார். ஒரு மழைநாளில் துண்டு போட மறந்துவிட்டார். நான் பதறி, தனியாக வள்ளம் எடுத்துக் கவிழ்ந்தேன். மீன் பிடிக்கிறவர்கள் தூக்கி அக்கா வீட்டில் விட்டார்கள்.

"லே மக்கா, ஆறு என்னைத் தின்னாது. நீ போய் ஆபீஸ் ரிஜிஸ்டர்ல ஒழுங்கா ஒப்பு போடு" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே என் தலையைத் துவட்டினார்.

சென்ற மழைக்காலத்தில் அணையைத் திறந்தார்கள். மூன்று நாள் ஆறு கலங்கி ஓடியது. மூன்று நாளும் துண்டு தெரிந்தது. அதை நம்பி ஆபீசுக்குப் போனேன். நாலாம் நாள் தண்ணீர் வடிந்ததும், தீவில் தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுச் சுசீலா, அக்காவை வள்ளத்தில் படுக்க வைத்துக் கொண்டுவந்தாள். முதல் நாளே கடும் காய்ச்சலாம்.

"அக்காதான் சொல்லிச்சு அண்ணா. 'அவனுக்கு நீச்சல் அறியாது. துவர்த்தைக் காணலேன்னா ஆத்துல சாடிருவான். நீ எடுத்துப் போட்டிரு'ன்னு."

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் அக்கா கண்ணை மூடினார். துண்டு இல்லாதிருந்தால் யார் காலிலாவது விழுந்து பெரிய படகு கொண்டுபோயிருப்பேன். அந்தக் கோபத்தில், பதினாறாம் நாள் சடங்குக்கு வந்த சுசீலாவிடம் முகம் கொடுக்கவில்லை. இன்றுவரை பேசவுமில்லை.

அக்காவைத் தூக்கிச் சுமந்த தீவு மக்களுக்கும், கூடவே இருந்த ஆபீஸ் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சுசீலா, உனக்குத்தான் அதிகம். அக்கா சொன்னால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். நாளை முதல் உன் மூங்கிலில் துண்டு போடு. உடம்பு முடியாத நாளில் மட்டும், யார் சொன்னாலும் போடாதே. நான் துறையில் நிற்பேன்.