முழங்காலில் ஒட்டிய பொட்டு

பொய் சொல்ல வாய் வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் வலைப்பந்து அணியைப் பார்த்திருக்க வேண்டும். பத்துப் பேரும் மூன்று மாதம் வாயே திறக்காமல் பொய் சொன்னோம்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சரவணை என்ற எங்கள் ஊரில், சனசமூக நிலையத்துக்குப் பின்னால் இருந்த வெளியில் எங்களைப் பழக்கியவர் என் சித்தி. காலையில் முன்பள்ளி ஆசிரியை, பின்னேரத்தில் எங்கள் பயிற்சியாளர். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய், விளையாடும்போது காயம் வராமல் தடுப்பது எப்படி என்று படித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பந்தைத் தொடுவதற்கு முன் கால்மணி நேரம் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். குதித்தால் முழங்காலை மடித்து, ஓசைப்படாமல் இறங்க வேண்டும். பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள் பேப்பரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பந்து பழகுகிறீர்களா, மீனுக்குக் கொக்கு நிற்பதைப் பழகுகிறீர்களா என்று அப்பா வீட்டில் பகிடி பண்ணினார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சித்தி ஒரு பெரிய தாளில் மனித உருவம் ஒன்றைக் கீறி நிலையத்துச் சுவரில் ஒட்டினார். பக்கத்தில் ஒட்டுப்பொட்டு மட்டை ஒன்று தொங்கியது. எங்களுக்கு எங்கே நோகிறதோ, படத்தில் அந்த இடத்தில் ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை, பிறகு தன்னிடம் தனியாக வந்து சொன்னால் போதும் என்றார். நெற்றியில் பொட்டு வைக்காத வேதக்காரப் பிள்ளைகளும் இதில் ஒட்டலாம் என்று சொல்லிச் சிரித்தார். ஒட்டியவருக்கு நோ மாறும்வரை ஓய்வு.

முதல் கிழமை கணுக்காலில் ஒட்டிய ஒரு பிள்ளை, இரண்டு ஆட்டங்களுக்கு வாங்குப் பலகையில் இருந்தபடி எங்கள் தண்ணீர்ப் போத்தல்களைக் காவல் காத்தாள். அதற்குப் பிறகு அந்த உருவத்துக்கு ஒரு நோவும் வரவில்லை. சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. பொட்டில்லாத தாளைக் கைபேசியில் படம் எடுத்து, பயிற்சி கொடுத்தவர்களுக்கு அனுப்பினார்.

மூன்றாவது மாதம் என் இடது முழங்கால் நோகத் தொடங்கியது. கிணற்றடியில் குந்தினால் எழும்ப முடியவில்லை. சைக்கிளை வலக்காலால் மட்டும் மிதித்தேன். யாழ்ப்பாணத்தில் இறுதியாட்டம் வந்துகொண்டிருந்தது, அணியில் கோல் போடுபவள் நான். சொன்னால் ஆட்டம் போய்விடும், சொல்லாவிட்டால் கால் போய்விடும் என்று அந்தரப்பட்டேன். சோறு இறங்கவில்லை. எனக்கு நாவூறு பட்டுவிட்டது என்று அம்மா செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்.

போட்டி நாள் காலை எல்லாருக்கும் முன்னமே நிலையத்துக்குப் போய், ஒரு பொட்டைப் படத்தின் முழங்காலில் ஒட்டிவிட்டு ஓடிவந்தேன். சொன்னதும் ஆச்சு, சொல்லாததும் ஆச்சு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சித்தி அதைக் கண்டதும் எங்களை வரிசையாக நிறுத்தினார்.

“இது ஆரின்ரை பொட்டு? நான் ஏச மாட்டன், சொல்லுங்கோ.”

பிறகு நடந்ததை நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் அணித்தலைவி அழுதுகொண்டு முன்னுக்கு வந்தாள். நோகிற முழங்கால் தன்னுடையதுதான், ஆனால் பொட்டைத் தான் ஒட்டவில்லை, யாரோ தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி வந்தாள். தன்னைக் காட்டிக் கொடுத்தது தலைவிதான் என்பது அவளுடைய சந்தேகம். மூன்றாவதாக வந்தவள் காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலில் இறுக்கிக் கட்டியிருந்த துணியைக் காட்டினாள்.

சித்தி ஏசவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

“ஒட்டினால் இருத்திப்போடுவியள் ரீச்சர்,” என்றாள் தலைவி.

சித்தி சுவரில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த மூன்று பேரும் இன்று ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, வேறு யாருக்காவது நோகிறதா என்று கேட்டார். ஆட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். மிஞ்சி நின்றதும் ஏழு பேர்தான். இல்லை என்று தலையாட்டினேன், மற்றவர்களைவிட வேகமாக.

ஒரு கோலால் வென்றோம். அந்தக் கடைசிக் கோலைப் போட்டவள் நான். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முழங்காலுக்குள் ஆணி அறைந்ததுபோல இருந்தது. அதனால் வலக்காலில் மட்டும் தொப்புத் தொப்பென்று இறங்கினேன். எங்களை ஓசைப்படாமல் இறங்கப் பழக்கியவர் கோட்டுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பும்போது குறிகட்டுவான் பஸ்ஸில் சித்தி என் பக்கத்தில் வந்து இருந்தார். கடையில் வாங்கிய ஐஸ்கட்டிகளைத் துவாயில் சுற்றி, என் இடது முழங்காலில் வைத்து அமத்திப் பிடித்தார். எந்தக் கால் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

“நோகுதோ?”

“இல்லை சித்தி.”

அவர் கையை எடுக்கவில்லை. “நான்தான் பிழை விட்டிட்டன்,” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

வென்ற அணியின் ரீச்சர் என்ன பிழை விட்டிருப்பார்? பின்சீற்றில் கோப்பை கைமாறிக்கொண்டிருந்தது. களைப்பில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். நல்ல காலம், சித்தி என்னைக் கண்டுபிடிக்கவில்லை என்ற ஆறுதலில், பஸ் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டுமுன் அவருடைய தோளிலேயே நித்திரையாகிப்போனேன்.