மீன் மார்க்கெட்டிலிருந்து வந்த பனி

கிறிஸ்துமஸ் விழாவுக்காகப் பள்ளி மேடையில் நட்சத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஞானராஜ் சாரின் மனைவி ரோஸ்லின் போனில் அழைத்தாள். "டீச்சர், அவர் போயிட்டார்" என்று மட்டும் சொன்னாள். ஏணியில் நின்ற வாட்ச்மேன் அடுத்த நட்சத்திரத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அடையாறில் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும் பணியாற்றியவர்களுக்கும் உடற்பயிற்சி ஆசிரியர் ஞானராஜை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கழுத்தில் விசிலும் வாயில் சிந்தாதிரிப்பேட்டைப் பேச்சுமாக மைதானத்தை ஆண்டவர். நான் தமிழாசிரியை, அந்தப் பேச்சைத் திருத்த எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. டிசம்பர் விழாவில் சிவப்பு வெல்வெட் அங்கியும் பஞ்சுத் தாடியுமாக, வியர்த்து வழிய, கிறிஸ்துமஸ் தாத்தாவாக வருகிறவரும் அவர்தான். இங்கே ஸ்நோ இல்லையே, உங்கள் வண்டி எப்படி வந்தது என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒருமுறை கேட்டுவிட்டது. "பஸ்ல வந்தேன்மா. சீட்டே கிடைக்கல, நின்னுகினேதான் வந்தேன்" என்றார். அந்தக் குழந்தை ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தது.

அவருடைய ஒரே மகள் ஏஞ்சல் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். ரத்தப் புற்றுநோய். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்பியது ஒரு டிசம்பரில். படுத்தபடியே டிவி பார்ப்பாள். அதில் எல்லா ஊர்களிலும் பனி கொட்டியது. நம் வீட்டில் எப்போது கொட்டும் என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது எல்லோரும் மொட்டை மாடியில் இருந்தார்கள். ஞானராஜ் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை ஐஸ் வாங்கிவந்து, கோணிக்குள் போட்டு உடைத்து, மகளைச் சுற்றித் தரையில் தூவிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கைகளாலும் அள்ளி முகத்தருகே கொண்டுபோனாள்.

"அப்பா, ஸ்நோவுல மீன் நாத்தம் அடிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரோஸ்லின் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உருகாமல் மிச்சமிருந்ததை வழித்து வழித்து அவள் பாதத்தருகே கொண்டுவந்து சேர்ப்பதிலேயே இருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தண்ணீராகிவிட்டது. இன்னொரு கூடை வாங்கிவருகிறேன் என்று எழுந்தவரை அவள்தான் நிறுத்தினாள். "போதும்ப்பா. கை குளுருது."

பொங்கலுக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் நட்சத்திரம் ஏறவில்லை, குடில் வைக்கவில்லை. ரோஸ்லின் மட்டும் சர்ச்சுக்குப் போய்வருவாள். ஆனால் அடுத்த டிசம்பரிலும் அதற்கடுத்த டிசம்பரிலும் பள்ளியில் சிவப்பு அங்கி மேடையேறியது. பிள்ளைகள் அவர்மேல் விழுந்து புரண்டார்கள். ஒருமுறை ஆசிரியர் அறையில் வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்தவரிடம், எப்படி சார் உங்களால் முடிகிறது என்று கேட்டேன்.

"தாடி வெச்சிக்கினா உள்ள இன்னா கீதுன்னு தெரியாது டீச்சர்" என்றார். பிறகு வெகுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குழந்தைகளின் சிரிப்பு அவரை மெல்ல மெல்லத் தேற்றிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். அப்படி நம்புவது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. இந்த நவம்பரில், இதயம் பலவீனமாகிப் படுத்துவிட்ட அவரைப் பார்க்கப் போனேன். கிறிஸ்துமஸுக்குள் எழுந்துவிடுவீர்கள், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு அந்தச் சந்தோஷம் திரும்ப வரவே இல்ல டீச்சர். பசங்களுக்காச்சும் வருதான்னு பார்த்துகினு இருந்தேன். வந்துச்சு. அத்த பார்த்தும் எனக்கு ஒண்ணும் ஆவல."



அடக்கத்தின்போது நல்ல மழை. குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டினார்கள். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் அந்த ஈரத்திலேயே பெட்டியை இறக்கினார்கள். இரண்டு நாள் கழித்துப் பள்ளி விழா நடந்தது. அந்த அங்கியைப் போட்டுக்கொள்ள யாரும் முன்வரவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் கடைசிப் பாட்டு முடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் காலையில் ரோஸ்லினிடம் போனேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்த கேக் பிரிக்கப்படாமல் மேஜைமேல் இருந்தது. "ஸ்கூல் ஃபங்ஷன்ல பசங்க சிரிச்சாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

என் கணவர் இறந்த சமயத்தில் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்து எவ்வளவோ சொன்னார்கள். ஒன்றும் சொல்லாதவர் ஞானராஜ் ஒருவர்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது "நாளைக்கும் வரேன் டீச்சர்" என்றார். சொன்னபடி மறுநாளும் வந்து உட்கார்ந்தார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். அது யாரையும் தேற்றாது; என்னையும் அன்று தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை ரோஸ்லின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது, நாளைக்கும் வருகிறேன் என்றேன்.