இழுக்காதீங்க, தங்கச்சி

குடையை மடக்குவதற்குள் கேட்டுவிடுகிறார்: "குளிப்பாட்டுறப்ப குஞ்சாமணித் தோலைப் பின்னுக்கு இழுக்கிறீங்களா, தங்கச்சி?"

ஆண் குழந்தை இருக்கும் எந்த லய வீட்டுக்குப் போனாலும் யசோதினியின் முதல் கேள்வி அதுதான். மடுல்கெல்லப் பக்கம் மூன்று தேயிலைத் தோட்டங்களுக்கு அவர்தான் மிட்வைஃப். வயது நாற்பத்தாறு. அட்டைக்குப் பயந்து கணுக்காலில் சவர்க்காரம் பூசியிருப்பார்.

தாய்மார் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை. தன் விரலை நீட்டிக் காட்டுவார். "இந்தா, நகமும் சதையும் மாதிரி ஒட்டியிருக்கும். அதுவாப் பிரிய வருசக்கணக்காகும். வெளிய மட்டும் கழுவுங்க, போதும்."

போன ஜூலையில் நிஷாந்தினி, தெல்தெனியத் தாய்வீட்டிலிருந்து எட்டு மாத மகனோடு திரும்பியிருந்தாள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். சளியுமில்லை, இருமலுமில்லை. பல் முளைக்கிறது என்று காய்ச்சல் பாணி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யசோதினி துணியை விலக்கினார். தோலின் விளிம்பு வெடித்துச் சிவந்திருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் இழுத்துக் கழுவியிருக்கிறாள்.

"ஒண்ணுக்குப் போறப்ப அழுவுறானா?"

"வீறிட்டு அழுவுறான் மிஸ்."

"கெளம்புங்க."

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் சிறுநீர் கேட்டார். குழந்தை போவதாயில்லை. யசோதினி முழங்காலிட்டு, ஒரு கையில் போத்தலை ஏந்தி, மறு கையால் ஈரத்துணியை அடிவயிற்றில் தேய்த்துக்கொண்டேயிருந்தார். அரை மணி போனது. முக்கால் மணியும் போனது.

"நீங்க வீட்டுக்குப் போங்க மிஸ். ஒங்களுக்கு முழங்கால் வலிக்கும்."

"வலிக்கட்டும். என்ன காய்ச்சல்னு தெரியாமப் போகமாட்டேன்."

கடைசியில் அவர் சட்டைக் கை நனைந்தது. போத்தலிலும் இரண்டு விரல் அளவு நிறைந்தது.

சிறுநீரில் கிருமி. ஊசி மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள், சிறுநீரகத்துக்குக் கேடில்லை. முதல் வயதில் ஆண் குழந்தைகளுக்கு இது வரக்கூடியதுதான், இழுப்பதை மட்டும் நிறுத்துங்கள் என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகு நிஷாந்தினி குழந்தையைக் குளிப்பாட்ட மறுத்தாள். கைகளைத் துவாய்க்குள் சுருட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள். "இந்தக் கையாலதானே மிஸ் புண்ணாக்குனேன்."

யசோதினி கிட்டே போனார். துவாயை விலக்கி அவள் வலக்கையை எடுத்தார். வெந்நீரில் நனைத்துக் குழந்தையின் வயிற்றின் மேல் வைத்தார். பிறகு தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.