பூங்காவுக்கு எதிர்க்கடை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முதலாளி தன் நாற்காலியைப் பூங்கா வாசலைப் பார்த்தபடி திருப்பிப் போட்டுக்கொள்வார். மாத்தளையைத் தாண்டி, பலாபத்வலைக்கு அப்பால், பெரிய வீதியோரம் இருக்கிற எங்கள் சிறு நகரத்தில் அவருடைய துணிக்கடை பூங்காவுக்கு நேரெதிரே இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தோட்டத்திலிருந்து நான் அங்கேதான் வேலைக்கு வந்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் குடும்பங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிழல்வாகை மரங்களின் கீழே போய் உட்காரும். பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடுவார்கள்; பெண்கள் கட்டிவந்த ரொட்டியைப் பிரிப்பார்கள். பக்கத்திலேயே சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் பெண்களும் பாய் விரித்திருப்பார்கள். வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் வீதியைக் கடந்து கடைகளுக்கு வருவார்கள். அப்புறம் எங்களுக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரம் இருக்காது.

முதலாளி ஒருநாளும் அந்தப் பூங்காவுக்குள் போய் உட்கார்ந்தவர் அல்ல. பூவையும் பறவையையும் நின்று பார்க்கிற சுபாவமும் இல்லை. கறாரான வியாபாரி. பூங்காவை அழித்து மூன்று மாடிக் கடைத்தொகுதி கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, ஆளுக்கொரு கடை கிடைக்கும் என்று வியாபாரிகள் சங்கமே மகிழ்ந்தது. கூட்டம் எங்கள் கடை மாடியில்தான் நடந்தது. எதிர்த்து எழுந்தவர் அவர் ஒருவர்தான்.

“சனம் துணி வாங்கணும்னு மட்டும் டவுனுக்கு வரல்ல. புள்ள குட்டியோட உக்கார எடம் இருக்குன்னு வருது. வந்த பொறகுதான் வாங்குது. அத அழிச்சிட்டு யாருக்கு விக்கப் போறீங்க?”

“ஹாஜியாருக்குப் போட்டி வந்திரும்னு பயம்” என்றார் ஒருவர், முதலாளியைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மகனும் சிரித்தான்.

மரம் வெட்ட வந்த அன்று முதலாளி கடையைப் பூட்டச் சொன்னார். வீதியைக் கடந்துபோய், பெரிய மரத்தடியில் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். மரம் அறுக்கிற வாளோடு வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தள்ளி நின்றார்கள். கடைசியில் மகன் வந்தான்.

“வாப்பா, எந்திரிங்க. கட கெடச்சிருச்சு. என் பேர்லதான் எழுதியிருக்காங்க.”

முதலாளி அவனை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து நேரே வீட்டுக்குப் போனார். அதன் பிறகு அவர் கடைக்கு வந்த நாட்கள் குறைவு. கட்டடம் திறக்கப்படுவதற்கு முன்பே மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார்.

இன்று அந்தக் கடைத்தொகுதியில் பாதிக்கு மேல் இழுத்து மூடிக் கிடக்கிறது. தோட்டத்துச் சனம் இங்கே இறங்காமல் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மாத்தளைக்குப் போய்விடுகிறது. மகன் இப்போது சங்கத் தலைவர். போன மாதம் கட்டடத்து வாசலில் சீமெந்துத் தொட்டியொன்றில் மரக்கன்று நட்டு, தன் வாப்பா மரங்களை உயிராக நேசித்தவர் என்று ஒலிபெருக்கியில் பேசினார். அன்று சிரித்தவர்களே கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

நான் இன்னும் அந்தப் பழைய கடையில்தான் நிற்கிறேன். நேற்று நடுப்பகலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

“அக்கா, புள்ளைக்குப் பால் குடுக்கணும். உக்கார எங்கயாச்சும் எடம் இருக்குங்களா?”

உள்ளே கூப்பிட்டு என் ஸ்டூலைக் கொடுத்தேன். அவளுக்குப் பின்னால் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடம் இல்லை. பால் குடித்து முடிந்ததும் குடும்பமாகப் போய் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.